ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில்

பாயான் லெப்பாஸ் பேக்டரியில் பதினோரு வருஷமாக
எனக்கு மைக்ராஸ்கோப் வேலை.
ஒரு சில்லுக்கு நாற்பத்தெட்டுத் தங்கக் கம்பி,
தலைமயிரை விட மெல்லிசு.
ஒன்று குறைந்தால் ரிஜெக்ட்.
கூடினாலும்தான். சிவப்புத் தட்டு.

எட்டு மணி நேரம் ஸ்டூலில்
இந்தத் தொடைக்கும் அந்தத் தொடைக்கும்
பாரத்தை மாற்றி மாற்றி உட்காருவேன்.
"மூலமா?" என்றாள் பக்கத்து மேசை செல்வமலர்.
ஆமாம் என்றேன்.
மூலம், வெளியே சொல்லக்கூடிய வியாதி.

கிளினிக் கிளினிக்காக நான் சொன்ன சொல்
அடிவயிறு.
அடிவயிற்றுக்கே மருந்து தந்தார்கள்,
மூத்திரக் கிருமிக்கு, பூஞ்சைக்கு, பயத்துக்கு.
ஒருவர் "கல்யாணமாகி எத்தனை வருஷம்" என்று கேட்டு
பேனாவை மூடினார்.

ஜார்ஜ்டவுனில் டாக்டர் நூர் அஸ்லினா
சொல்லைக் கேட்கவில்லை, இடத்தைக் கேட்டார்.
கடிகாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.
பஞ்சுக்குச்சியால் தொட்டுக்கொண்டே வந்தார்.
பன்னிரண்டு, ஒன்றுமில்லை.
மூன்று, ஒன்றுமில்லை.
ஐந்தில் கையுறை விரலைப் பிடித்துக்கொண்டேன்.
ஆறு
கூரை விளக்கு என்மேல் உடைந்தது.
பஞ்சுதான், என்று காட்டினார்.
பஞ்சேதான்.

அரிசியளவு சதை எடுத்து
அதையும் ஒரு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள்.
தோலுக்கடியில் நரம்பிழைகள்
அளவுக்கு மேல் கிளைத்திருக்கின்றனவாம்.
சுற்றிலும் அழற்சிச் செல்கள்,
தீ அணைந்த பிறகும்
வாளியோடு நிற்கும் ஆட்கள்.

ஏன், டாக்டர்?
பழைய பூஞ்சைத் தொற்று, முங்கின்.
நீங்கள் சாப்பிட்ட கர்ப்பத்தடை மாத்திரை, முங்கின்.
பிறவியிலேயே, முங்கின்.
பயந்து பயந்து இறுகிய இடுப்புத் தசை,
அதுவும் முங்கின்.
நான்கு காரணம், நான்கு 'இருக்கலாம்'.

ஒரு கம்பி இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து.
கை தானாகச் சிவப்புத் தட்டைத் தேடியது.
அதற்குள் அழுகை வந்துவிட்டது,
வேறொன்றுக்காக:
கம்பி இருக்கிறது. யாரோ பார்த்திருக்கிறார்கள்.

பட்டர்வொர்த் திரும்பும்போது பாலத்தில் ஜாம்.
புவனேந்திரன் ரேடியோவைத் தணித்து
"அடிவயிறு எப்படி?" என்றான்,
ஏழு வருஷமாகக் கட்டிலின் அந்த ஓரத்தில்
தன்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை என்று
சுவரைப் பார்த்துப் படுப்பவன்.

டேஷ்போர்டுத் தூசியில் ஒரு வட்டம் போட்டேன்.
ஐந்தில் ஒரு கோடு, ஏழில் ஒரு கோடு.
அவன் வாட்ச்சைப் பார்த்தான்.
"ஆறு மணிக்கு என்ன?"

முன்னால் லாரி நகரவில்லை.
நல்லவேளை.