புள்ளிவிவரம்

பள்ளத்தூர் நகரக் கோயில் அலுவலகத்தில்
பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.
கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி.
ஒருவர் போய்ச் சேர்ந்தால்
மிச்சமிருப்பவர் அரைப் புள்ளி.
இந்த இரண்டுக்கு மட்டும்தான்
பெட்டி வைத்துக் கொடுத்திருக்கிறான் மென்பொருள்காரன்.
பிரிந்தவர்களுக்குப் பெட்டி இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் நானாகத் தட்டுவேன்:
கோர்ட்டு, தேதி, எத்தனையாவது வருஷம்.

நாலு வருஷமாகத் தட்டியதில்
ஒரு கணக்குப் பிடிபட்டிருக்கிறது.

முதல் வருஷம் யாரும் வருவதில்லை.
அப்போதைய சண்டையெல்லாம்
வீடியோக்காரன் பாக்கியை யார் தருவது என்பதுதான்.
சட்டமும் ஒரு வருஷம் பொறு என்கிறது.
இரண்டாம் வருஷம் போன் வரும், பெயர் சொல்லாமல்,
சும்மா விசாரிக்கிறேன் என்று.
மூன்று, நாலு, ஐந்து.
அங்கேதான் பத்தி பிதுங்குகிறது.
சிங்கப்பூரிலிருந்து ஒரு தகப்பனார்
மகளை வேறு வைத்தபோது கொடுத்த சாமான்களை
ஒவ்வொன்றாக வாசிக்கிறார்.
இட்லிக் கொப்பரைக்கும் கோயிலுக்கும்
சம்பந்தமில்லை என்று நான் சொல்லவில்லை.
கடைசிக் கரண்டி வரை கேட்டுக்கொண்டேன்.

ஏழுக்கு மேல் இறங்குகிறது.
பத்துக்கு மேல் எப்போதாவது.
பதினைந்திலிருந்து காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி
நெடுக வெறும் பக்கங்கள்.
அதற்கு அன்பு என்று பெயர் வைக்கலாம்.
பிளஸ் டூ, வீட்டுக்கடன்,
மாமனாரின் சர்க்கரை என்றும் வைக்கலாம்.

என் பெயர் இந்தப் பேரேட்டில் வராது,
நாங்கள் வேறு ஆட்கள்.
ஆனாலும் என் வருஷம் எனக்குத் தெரியும்:
ஐந்தாவது, ஆவணி, ஒரு வியாழக்கிழமை.
தேவகோட்டைக்குப் பஸ் ஏறி
வக்கீல் வாசலில் நின்றேன்,
பையில் கல்யாணப் பத்திரிகையோடு.
வக்கீல் சாப்பிடப் போயிருந்தார்.
முக்கால் மணி நேரம். எனக்கும் பசி.
எதிர்க் கடையில் இரண்டு பரோட்டா தின்றேன்.
பிள்ளையைப் பால்வாடியில் விடும் நேரமாகிவிட்டது,
திரும்பிவிட்டேன்.
இருளப்பனுக்கு இது தெரியாது.
இப்போது பதினொன்றாம் வருஷம்.
நிலைத்தவர்கள் கணக்கில் நானும் சேர்த்திதான்.
அந்தப் பரோட்டாவை எந்தப் பத்தியில் போட?

புதன்கிழமை சிகப்பி ஆச்சி வந்தார்.
கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம்.
ஐப்பசியில் அவர் வீட்டுக்காரருக்கு மணிவிழா.
பேனர் இருளப்பன் கடையில்தான் அச்சாகியிருந்தது,
பன்னிரண்டுக்கு எட்டு, இருவரும் சிரிக்க.
நாற்காலியை இழுத்துப் போட்டார்,
தண்ணீர் கேட்டார், முழுதும் குடித்தார்.
"மறுபடி தாலி கட்டுவாகளாம்.
முதல் தடவை என்னைய யாரும் கேக்கலை.
இந்தத் தடவை கேட்டாக,
என்ன மாலை வேணும்னு.
அப்பத்தான் தோணுச்சு,
வேணாம்னும் சொல்லலாம்ல."

அடிப்பாரா? இல்லை.
குடியா? இல்லை.
"நல்ல மனுசன்தான்" என்றார்
அடுத்த ஊர்க்காரர் யாரையோ சொல்வது போல.

"எனக்கு என்ன போடுவே, ஒண்ணா அரையா?"
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
"அவுக அரை, நான் அரை.
கூட்டினா ஒண்ணுதானே, எவனுக்கு என்ன நட்டம்?"
இதில் கூட்டல் கிடையாது ஆச்சி.
காரியக்காரரைக் கேட்க வேண்டும்,
சனிக்கிழமைதான் வருவார்.
"முப்பத்து மூணு வருசம் இருந்தாச்சு,
சனிக்கிழமை வரைக்கும் இருக்க மாட்டேனா"
என்று எழுந்து போனார்.

ஏறி, இறங்கி, படுத்தேவிட்டது என்று
நான் நினைத்திருந்த கோட்டின் வால்
கொஞ்சம் தலை தூக்கியது.
குறிப்பில் ஒரு கேள்விக்குறி மட்டும் தட்டினேன்.

அன்று ஆறு மணிக்கு இருளப்பன் வந்தார்,
வண்டியை அணைக்காமல், இரண்டு ஹாரன்.
"அந்தப் பேனர் வேணாம்னுட்டாக,
காசு மட்டும் குடுத்தாச்சு" என்றார் காற்றுக்குள்.
"பின்பக்கம் வெள்ளைதான்.
மழைக்கு நம்ம கூரையில போட்டுக்கலாம்."

இப்போது எங்கள் ஆஸ்பெஸ்டாஸின் மேல்
இரண்டு பேர் குப்புறக் கிடந்து சிரிக்கிறார்கள்.
நேற்றிலிருந்து நல்ல மழை.
இதுவரை ஒழுகவில்லை.