பதினோராவது செக்கன்

மதிப்பீட்டாளர் காலையில் வருகிறார்.
இரவு ரயில் இப்போது கல்லோயாவைத் தாண்டியிருக்கும்.
மூன்று வருடத்துக்கொருமுறை யாரோ ஒருவர் வந்து
சுவரில் தொங்கும் தரச்சான்றிதழ்
இன்னும் இந்தச் சுவருக்கு உரியதுதானா என்று பார்ப்பார்.
ஆணியை நான் ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன்.
இறுக்கமாகத்தான் இருக்கிறது.

மேசையில் ஒன்பது கோப்புகள்.
யார் யாருக்கு எத்தனை மணிநேரப் பயிற்சி,
மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை மூச்சில் எழும்பும்,
சிங்களத்தில் அழுகிறவருக்கு
எத்தனையாவது கதிரை பதில் சொல்லும்.
எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம், ஒரு கையொப்பம், ஒரு தேதி.

பத்துச் செக்கனுக்குள் அழைப்பை எடுக்கவேண்டும்.
நூற்றுக்குத் தொண்ணூறு போதும் என்கிறது நியமம்.
நாங்கள் தொண்ணூற்றாறு.
பொறுப்பதிகாரி கமலேந்திரன்
இந்தச் சந்தோசத்தில்
நாளைக்கு நாற்பது ரோல்ஸுக்குச் சொல்லிவிட்டார்.

மீதி நாலைப் பற்றி எந்தப் பக்கத்திலும் கேள்வியில்லை.

அந்த நாலுக்குள் ஒருத்தி இருக்கிறாள்.
கிண்ணியா. மாசி மாதம். இரவு இரண்டு நாற்பது.
வெளியே மான்கள் குப்பைவாளியைச் சரித்துவிட்டு
ஏதோ பையைக் கிழித்துக்கொண்டிருந்தன.
நான் திரும்பிப் பார்த்தேன்.
அவ்வளவுதான்.
பதினோராவது செக்கனில் எடுத்தேன்.

"புள்ள மூச்சு உடுறானில்ல."
எங்கே என்றேன்.
"பள்ளியடி."
எனக்கு அப்போது கிண்ணியாவில் தெரிந்தது
பாலத்திலிருந்து தெரிகிற ஒரு பள்ளிதான்.
எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை.
இரண்டு தரம் கேள் என்று
எனக்கு நேரே ஒட்டியிருந்த அட்டையில் எழுதியிருந்தது,
என் கையெழுத்தில்.

வண்டி ஆறு நிமிடம்
வேறொரு பள்ளியின் வாசலில் நின்றது.

பிள்ளை பிழைத்துவிட்டான்.
அதில் எங்களுக்குப் பங்கில்லை.
அடுத்த வீட்டு நவ்பீக்கின் ஓட்டோ,
பிரேக் சரியில்லாதது,
அதுதான் கொண்டுபோனது.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு.
பஸ் ஏறிக் கிண்ணியாவில் இறங்கி
பள்ளிகளை எண்ணத் தொடங்கினேன்.
வரைபடத்தில் உள்ள பெயரை யாரும் சொல்வதில்லை.
ஆலடிப் பள்ளியில் ஆலமரமில்லை.
கொட்டில் பள்ளிக்கு இரண்டு மாடி.
ஒரு பள்ளிக்கு முன்னால் நின்று பெயர் கேட்டேன்,
"இதுவா? இது நம்மட பள்ளி" என்றார் ஒரு மீன்காரர்.
அதையும் எழுதினேன்:
நம்மட பள்ளி, ஐஸ் வாடிக்குப் பின்னால்.

பிறகு மூதூர்.
பிறகு தம்பலகாமம், நிலாவெளி, இறக்கக்கண்டி.
அம்மன் கோயிலடி மட்டும் எத்தனை என்று
இன்றுவரை எனக்கும் நுஸ்லியாவுக்கும் ஒத்துவரவில்லை.

இப்போது ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால்
அந்தப் பட்டியல் தொங்குகிறது.
தேத்தண்ணிக் கறை, பென்சில் திருத்தம்,
ஈச்சிலம்பற்றுக்குக் கீழே யாரோ கீறிய ஒரு பூ.

"அந்த ஒலிப்பதிவை மேலே வைக்காதே,"
என்றார் கமலேந்திரன், கெட்ட மனுசனில்லை,
"முப்பது அழைப்பை அவர்களே எழுந்தமானமாக எடுப்பார்கள்.
அகப்பட்டால் காட்டு."

மேலேதான் வைத்திருக்கிறேன்.
முதல் கோப்பு, முதல் பக்கம்.
துணிச்சலென்று சொல்லமாட்டேன்.
அகப்படாமல் போனால்
நான் என்ன செய்வேன் என்று எனக்குப் பயம்.

படிவத்தில் ஐந்து கட்டம்.
நடந்த தவறு: எழுதினேன்.
காரணம்: எழுதினேன், மான்களைச் சேர்க்கவில்லை.
எடுத்த நடவடிக்கை: பட்டியல், இணைப்பு நாற்பத்தேழு.
பொறுப்பு: என் பெயர்.

திருத்தம் நிறைவுற்ற தேதி?

பேனையை மூடித் திறந்தேன்.
ரயில் கந்தளாயை நெருங்கியிருக்கும்.
சின்னதாய் எழுதினேன், கட்டத்துக்கு வெளியேயும் போயிற்று:

நிறைவுறவில்லை.
வைகாசியில் கடற்கரைப் பக்கம்
இன்னொரு பள்ளிக்கு அத்திவாரம் போட்டிருக்கிறார்கள்.
இன்னும் பெயர் விழவில்லை.