சிவப்பு மை

ஆரல்வாய்மொழி நூற்பாலையைப்
பூங்காவோடு சேர்த்துப் பார்க்க
ஆளுக்கு இருபது ரூபாய்.
வாசலில் பழைய வருகைக் கடிகாரம்
டிக்கெட்டைக் கடித்து நேரம் பதிக்கிறது:
10.52, சிவப்பு மையில்.
எட்டரைக்கு மேல் வந்தால் சிவப்பாம்.
"இங்க வாறவங்க எல்லாரும் லேட்டுதான்" என்றான்
டிக்கெட் கொடுக்கிற செல்வின்,
இன்றைக்கு எத்தனையாவது முறையோ.
மேபல் மைனி சிரிக்கவில்லை.
சீட்டை நாலாய் மடித்துப்
பர்சின் உள்ளறையில் வைத்தாள்.

உள்ளே பொறிகளுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள்.
கதிர்கள் நானூறும் மொட்டை.
காற்றில் இழை அறும் என்பதால்
ஜன்னல்களைத் திறந்ததே இல்லை என்றது பலகை.
கணவாய்க் காற்று
ஆளையே தள்ளுகிற ஊரில்
வியர்த்து வழிந்து நின்றிருக்கிறார்கள்.
இப்போது எல்லாம் திறந்து கிடக்கின்றன.
வெளியே காற்றாலைகள்
நூலில்லாமல் சுற்றுகின்றன.

"நீ எந்த மெஷின்ல நின்ன?"
"எங்கே நின்னேன்" என்று
தரையைக் காட்டினாள்.
இரண்டு பொறிகளுக்கு நடுவே
சிமெண்ட் தேய்ந்து ஒற்றையடிப் பாதை.
என் செருப்பு அதில் வழுக்கியது.

பஞ்சு கிடங்கில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள்.
ஆலை தண்ணீர் குடித்த குளத்தில்
வாத்து வடிவில் மிதிபடகு.
புல்லில் உட்கார்ந்து
சப்பாத்தியும் முட்டையும் தின்றோம்.
எனக்கென்று வைத்ததையும் அவளே தின்றாள்.

ஐந்து மணிக்குச் சங்கு பிடித்தது.
பூங்கா மூடப்போகிறது என்று
இப்போது அதற்கு அர்த்தம்.
பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தின.
பை தோளில், நான் எழுந்துவிட்டேன்.
மைனி இரு கையாலும் புல்லைப் பற்றியபடி
"இரி" என்றாள்,
"அவன் வந்து விசில் ஊதட்டும்."