மூன்றா எட்டா

சிவ்ரி கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில்
பழைய ஏடு பார்க்க ஒரு மணி நேரம்தான்.
குமாஸ்தா காம்ப்ளே
மின்விசிறியை என் பக்கம் திருப்பவில்லை,
ஏட்டை மட்டும் திருப்பி வைத்தார்.
ஐம்பத்தொன்பது, ஜூலை.

எனக்கு இது புதிதில்லை.
எல்.ஐ.சி.யில் இருபத்தாறு வருடம்
இறப்புச் சான்றிதழ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள்.
பொய் எந்தக் கட்டத்தில் உட்காரும் என்று தெரியும்.
வயதில் உட்காரும். காரணத்தில் உட்காரும்.
கையெழுத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

பெரியப்பா கப்பலில் போனார்.
எங்கள் வீட்டில் அது ஒரு முழு வாக்கியம்.
எந்தக் கப்பல் என்று கேட்டால்
அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போவார்.
வருடத்துக்கொரு கடிதம் வரும்.
அவர்தான் பிரிப்பார், அவர்தான் வாசிப்பார்:
ஏடனில் வெயில், மொம்பாசாவில் மீன் மலிவு.
சலோமி பெரியம்மா கேட்டுக்கொண்டே
ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பாள்.
எழுத்துக்கூட்டத் தெரியாது அவளுக்கு.
உறையில் தபால்தலை இருந்ததா,
யாரும் பார்த்ததாய் நினைவில்லை.
கிறிஸ்துமஸ் அன்று ஒரு தட்டு கூடுதல்.
மறுநாள் காலை அது எனக்கு.

முப்பத்திரண்டு வருடம்
தாலிக்கயிறு நைய நைய மாற்றிக் கோத்தாள்.

சவேரி ராஜன் என்று எழுதியிருந்தார் கோவாக்கார எழுத்தர்,
சவரிராயன் என்று சொன்னதைக் கேட்டு.
ஆண். இருபத்தொன்பது. கூலி, பிரின்சஸ் டாக்.
கப்பலுக்கு அவ்வளவு பக்கத்தில்தான் போயிருக்கிறார்.
காரணம் என்ற கட்டத்தில் கரையான் துளை.
அதன் வழியே அடுத்த பக்கத்துக் குழந்தையின் வயது தெரிந்தது,
நான்கு மாதம்.
அறிவித்தவர்: தம்பி.
கீழே தமிழில், தொம்மை.
துணைக்காலை மறந்துவிட்டுப்
பிறகு இடுக்கில் செருகிய அந்தத் ‘தொ’
என் பள்ளி மதிப்பெண் அட்டைகள் அத்தனையிலும் உண்டு.

அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு.
அடைமழை. குழியில் தண்ணீர் இறைத்திருப்பார்கள்.
ஈரக் காலோடு தாராவி வரை நடந்து வந்து
கப்பல் என்று சொல்லியிருக்கிறார்.
ஏன் என்பதற்கு ஏட்டில் கட்டம் இல்லை.
தாலி இறங்கக் கூடாது என்றா,
அவளை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்றா,
கரையான் தின்றதில் சொல்லக் கூடாத ஏதாவது இருந்ததா,
இல்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு
திரும்ப எடுக்கத் தெரியாமலா.
கேட்க அவரும் இல்லை.

குழி எண்: ஆயிரத்து நூற்று நாற்பத்து.
கடைசி இலக்கத்தில் மை பரவியிருந்தது.
மூன்றா எட்டா.

இங்கே குழி யாருக்கும் சொந்தமில்லை.
சில வருடம் போனால் எலும்பை எடுத்துச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டு
அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்.
பெரியம்மாவை வைத்தது நாற்பத்து மூன்றில்.
அன்று பெட்டி வண்டியில் காத்திருக்க,
இதே மேசை முன்னால் முக்கால் மணி நேரம்
அப்பா வாதாடிக்கொண்டிருந்தார்.
காசுக்குப் பேரம் பேசுகிறார் என்று
எனக்கு அவமானமாக இருந்தது.
வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு
“நல்ல இடம்” என்றார். அவ்வளவுதான்.

காம்ப்ளே பூதக்கண்ணாடி எடுத்துத் தந்தார்.
எட்டு என்றார்.
டீ வந்த பிறகு, மூன்றாகவும் இருக்கலாம் என்றார்.
என் மேசைக்கு வந்திருந்தால்
தெளிவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

மழை விட்டிருந்தது.
மூன்றிலிருந்து எட்டுக்குப் பதினாலு எட்டு,
என் காலால்.
வாங்கி வந்தது ஒரு முழம் பூ.
நாற்பத்தாறில் நின்றுகொண்டிருந்தேன்,
யாரோ ஒரு டிசில்வாவின் கல்லில்
குடையை ஊன்றி.