நாயில்

முத்துரத்தினம் ‘ஆயில்’ என்று வைத்தார்.
வைப்பார்தானே,
காங்கயத்தில் ரெண்டு எக்ஸ்பெல்லர் ஓடுகிறது அவருக்கு.
பல்லடம் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை,
ஸ்க்ராபிள் போட்டியில் மூன்றாவது சுற்று.

அந்த ஆயிலுக்கு முன்னால்
ஒரே ஒரு ‘என்’ வைத்தேன்.
சிவப்புக் கட்டம், மூன்று மடங்கு.
ஆனாலும் மொத்தமே பன்னிரண்டுதான்.

“நாயிலா?” என்றார்.
“நாயில் என்னங்க, பூனையில் என்னங்க,
அப்படியொரு வார்த்தையே இல்லீங்க.”
பக்கத்து மேசையும் சேர்ந்து சிரித்தது.
கையைத் தூக்கினார்: சேலஞ்ச்.

நடுவர் கம்ப்யூட்டரில் தட்டினார்.
பச்சை விழுந்தது. செல்லும் என்றார்.
அர்த்தம் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை.
இந்த ஆட்டத்தில் கேட்கிற வழக்கமும் இல்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
கோம்பர் மெஷினின் ஊசிச்சீப்பு
பஞ்சை வாரும்போது
நீள இழை முன்னால் போகும்,
குட்டை இழை கீழே கழியும்.
கழிவதுதான் நாயில்.
நூறு கிலோவுக்குப் பதினாறு கிலோ.
பதினேழானால் மேனேஜர் என்னைக் கூப்பிடுவார்.
முன்னால் போனது பனியனாகிக் கப்பலேறும்.
கழிந்தது பேல் கட்டி லாரியேறி
எங்கோ போர்வையாகும்.
எட்டு மணி நேரம் என் புருவத்தில் இருக்கும்,
தலைக்குக் குளித்த பிறகும்
காதுமடலில் கொஞ்சம்.

அரிய சொல் என்கிறது பட்டியல்.
எங்கள் ஷெட்டில் அதைக் கூட்ட
தனியாக ஒரு விளக்குமாறே உண்டு.

‘ஸ்லப்’பும் அப்படித்தான்: நூலில் விழும் தடிப்பு,
விழுந்தால் கோன் திரும்பி வரும், புகார்க் கடிதத்தோடு.
‘த்ரம்’, துணியை அறுத்த பின்
தறியில் மிஞ்சும் பாவு நுனி;
சோமனூரில் அதில் கிரீஸ் துடைக்கிறார்கள்.

ஹாஸ்டல் பரணில் கிடந்த பெட்டியில்தான் பழகினேன்.
மூன்று எழுத்து குறைந்தது.
பேப்பர் கோனை வெட்டி எழுதிக்கொண்டோம்,
நானும் சஸ்மிதாவும்.
அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு ஒடியா வராது,
இங்கிலீஷ் இரண்டு பேருக்குமே அரைகுறை,
ஆகவே நியாயமான ஆட்டம்.
‘ஆ’ என்று வைப்பாள், இரண்டு ஏ.
எரிமலைக் குழம்பு இறுகிய கரடுப்பாறை
என்று போன் சொல்லும்.
எங்களுக்கு ‘ஆ’ என்றால் மாடு என்பேன்.
எங்களுக்கு ‘ஆ’ என்றால் வா என்பாள்.
ஊர்ப் பண்டிகைக்குப் போனவள்
அப்புறம் மில்லுக்கு வரவில்லை.

கடைசியில் என் கையில் ஒரு ஏ மிச்சம்.
பலகையில் ஓரமாக நின்ற ஏயின் பக்கத்தில் வைத்தேன்.
இரண்டு புள்ளி.
பதினோரு புள்ளியில் தோற்றேன்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
எதிர் பேக்கரியில் முத்துரத்தினம் டீ வாங்கித் தந்தார்,
தேங்காய் பன்னும்.
“ஏனுங் அம்மிணி, அந்த நாயில்னா என்னதுங்?”
சொன்னேன். பதினாறு கிலோ வரைக்கும் சொன்னேன்.
டம்ளரை வைத்துவிட்டுத் தொடையைத் தட்டினார்:
“அட, புண்ணாக்குன்னு சொல்லுங்க!
எண்ணெய் எடுத்தா எனக்குப் புண்ணாக்கு,
நூல் எடுத்தா உங்களுக்கு நாயில்.”

ஆமாங்க என்றேன்.

புண்ணாக்கும் பட்டியலில் இருக்கிறது,
‘பூனக்’ என்று, ஆறெழுத்தில்.
தேங்காய் எண்ணெய் எடுத்த சக்கை.
பத்து புள்ளி,
சிவப்புக் கட்டத்தில் முப்பது.
வாய் வரைக்கும் வந்தது.
பன்னைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஈரோட்டில் போட்டி.
அவர் மேசையே விழலாம்.