லேபிள் ஒட்டுகிறவள்

காவேரிப்பட்டணம் தாண்டி
மாங்கூழ் ஆலைக்குப் பின்னால் ஏழு தொட்டி.
தொட்டி நிறையச் சுருள்பாசி.
துடுப்புச் சக்கரம் நின்றால் வெந்துபோகும் என்று
மதியச் சோற்றையும் அதன் பக்கத்திலேயே
தின்கிறான் முனிரத்தினம்.

அணைத்தண்ணீரில் பச்சை படர்ந்தால்
பஸ் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.
அது வேறு சாதி, இது வேறு சாதி என்கிறார் முதலாளி.
பாசியிலுமா.

பிழிந்தால் நீலம் வருகிறது.
முதல் தடவை பார்த்தபோது
மை கலக்கிறார்கள் என்றே நினைத்தேன்.
பச்சைக்குள் இவ்வளவு நீலத்தை
எங்கே வைத்திருந்தது?
சூடு பட்டால் வெளுக்கும், புளிப்பு பட்டால் திரியும்,
தொட்டாற்சிணுங்கி நீலம்.
ஐஸ்கிரீமுக்குப் போகிறது, மிட்டாய்க்குப் போகிறது,
யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கேக்கில்
கடலாகிறது.

நான் லேபிள் ஒட்டுகிறவள்.
நாளைக்கு எண்ணூறு டப்பா.
நோய் எதிர்ப்புச் சக்தி கூட்டும்.
நோய் எதிர்ப்புச் சக்தி கூட்டும்.
நடுவில் ஏழு தடவை, எட்டுத் தடவை
கக்கூசுக்கு ஓட்டம்.
போன நேரம் வந்த நேரம்
சூப்பர்வைசர் நோட்டில் இருக்கிறது.
ரத்தம் போனது இல்லை.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் ஷமீனா பானு
சீட்டின் பின்பக்கம் குடலை வரைந்தார்.
"உங்களுக்கு எதிர்ப்பு குறையலைம்மா,
கூடிப்போச்சு.
உள்ள இருக்கிற காவலே உள்ள அடிக்குது."

எனக்கு உடனே புரிந்தது.
பென்னாகரத்துக் காட்டோரம் பிறந்தவள் நான்.
யானை வராத ராத்திரியிலும்
வந்ததாக நினைத்துப் பட்டாசு கொளுத்திப் போட்டு
தன் கேழ்வரகுப் போரையே
எரித்துவிட்டார் எங்கள் பக்கத்துக் கொல்லை மாதையன்.
விடிந்து பார்த்தால்
ஒரு கால்தடம்கூட இல்லை.

மடித்த காகிதத்தில் ஒரு சிட்டிகை நீலம்
கொண்டுபோயிருந்தேன்.
இது ஆகுமா என்று கேட்டேன்.
முகர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை.
"எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க.
குடல் வீக்கம் தணிஞ்சிருக்கு,
ஓட்டை விழுந்த சுவர் கொஞ்சம் இறுகியிருக்கு.
மனுஷங்களுக்கு இன்னும் சரியாத் தெரியாது.
உங்க மாதிரி உடம்புல
காவலைத் தட்டி எழுப்பினாலும் எழுப்பும்.
மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க."

போர்த்தண்ணீர் என் பல்லில் பழுப்பு பூசியபோது
எனக்கு ஆறு வயது.
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
நிறம் உள்ளே போனால்
சும்மா இருக்காது என்று தெரியும்.
எந்தப் பக்கம் சாயும் என்பதற்குத்தான்
லேபிள் இல்லை.

காகிதத்தை மறுபடி மடித்தேன்.
பெருவிரலில் ஒட்டிய நீலம்
டோக்கன் சீட்டில் ஒட்டி
கம்பியில் ஒட்டி
கிருஷ்ணகிரி பஸ்ஸில் சில்லறையோடு போனது.

காரிமங்கலம் தாண்டும்போதுதான் தோன்றியது,
அந்த எலிகள் அப்புறம் என்ன ஆயின என்று
கேட்கவே இல்லை நான்.