பதினோராம் நாள்

மார்ச் கடைசியில் நாற்பது மில்லிமீட்டர்.
மழைமானியில் ஒரு வெட்டுக்கிளி மிதந்தது,
அதைக் கழித்தால் முப்பத்தொன்பது.
அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் மலைக்காற்று,
டிராக்கன்ஸ்பெர்க்கைத் தாண்டி,
அடுப்பு வாயைத் திறந்துவிட்டாற்போல.
ஒரு மணியில் துணி காய்ந்தது.
போச்சு, என்றேன் கொடியைப் பார்த்து.

பைன் ஊசி மெத்தைக்கு அடியில்
ஈரம் எத்தனை விரற்கடை மிச்சம் என்று
வானொலி சொல்லாது.
ஆறாம் நாள் தூறல், அளக்கக் கூசும் அளவு.
எட்டாம் இரவு
கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டேன்.
மண்ணுக்குள் வெள்ளை நூலாய்
வேரோடு வேராய்க் கிடப்பது
மழைக்கு மட்டும் எழாது,
கோடை அதன் முதுகைவிட்டு இறங்கவேண்டும்.

பங்குனி. இங்கே இலை உதிரும் மாதம்.
காவடி விரதத்துக்குக் காளான் ஆகுமா என்று
கோயில் கமிட்டியில் இரண்டு கட்சி.
நான் மூன்றாம் கட்சி: பேசாமல் தின்பவள்.

பதினோராம் நாள் ஐந்தரைக்கு
கார்க்லூஃப் காட்டு கேட்.
காவல்காரர் துலானி பேரேட்டை நீட்டினார்.
என் பெயர் எழுதவேண்டிய வரிக்கு மேலே,
மை காயாமல்:
தனபாலன், 5.10, வாளி ஒன்று.

அப்பாவின் வீட்டை விற்ற நாள்முதல்
அண்ணனும் நானும் பேசி நான்கு வருடம்.
பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
போன ஏப்ரல்: அவன், நான்.
அதற்கு முந்தைய டிசம்பர்: நான்,
மறுநாள் அவன்.
அவன் மழைமானியிலும்
வெட்டுக்கிளி விழுந்திருக்குமோ.

தென்சரிவில், வெயில் பிந்தி வரும் பக்கம்,
அவன் முதுகு தெரிந்தது.
ஊசிகளை விலக்கி, தண்டை முறுக்கி எடுத்து,
குழியைத் திரும்ப மூடினான்.
நானும் அப்படித்தான் மூடுவேன்.

மேட்டுப்பக்கம் போனேன்.
பன் ரொட்டி போலத் தவிட்டு நிறத் தொப்பிகள்.
ஒன்றில் நத்தை கடித்த வாய்.
ஏழு கிடைத்தன,
புழு இல்லாதவை நான்கு.

திரும்பும்போது கையெழுத்துப் போட
அவன் எனக்கு முன்னால் நின்றான்.
அவன் வாளியை எட்டிப் பார்த்தேன், அவனும் என்னுடையதை.

"காத்து அடிச்சுதே, வராதுன்னு நெனச்சேன்,"
என்றான், துலானியிடம், தமிழில்.

"எட்டாம் ராத்திரி குளிருச்சு,"
என்றேன் நானும், துலானியிடமே.

துலானி தலையாட்டி
வெளியேறிய நேரத்தை எழுதிக்கொண்டார்.